றிக்கைத் தானா ஓட விட்டா, கட்டளை ஆற்றை கையில?

வல்லைவெளி:
கிளிநொச்சி பொறியியல் பீடத்தில இறுதியாண்டுச் செயற்றிட்டமா எண்ணெய்க் கிணறு துளைக்கிற றிக்குக்கு ஒரு சிமுலேற்றர் செய்யிறம். பிஎல்சியும் (மெசினைக் கட்டுப்படுத்திற கணினி) ஓட்டோ ட்றில்லரும் (தானாத் துளைக்க வைக்கிற கட்டுப்பாடு) ஓடுது. ஆனா வாசிக்கிற இடமெல்லாம் தொழில்நுட்பம் இருக்கு, கம்பனிகள்தான் ஒத்துப்போகேல்லை எண்டு கிடக்கு. எதில ஒத்துப்போகோணும்? 2011இல கெயர்ன் லங்கா மன்னாரில துளைச்ச மாதிரி ஆழ்கடற் கிணறு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தெரிஞ்ச அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கோ.

கீரிமலை ஊற்று:
எங்கட தோட்டத்துக் குழாய்க்கிணறு எண்டா மெசினும் ஆளும் ஒருத்தற்ற. அங்க அப்பிடியில்லை. உரிமம் எண்ணெய்க் கம்பனிக்கு, றிக் ஒப்பந்தக்காரருக்கு, கிணற்றைத் திசை திருப்பிறது சேவைக் கம்பனி, துளைக்கேக்க குழாய்க்குள்ளால பம்ப் பண்ணுற சேற்றைக் கலக்கிறது இன்னொண்டு, ரொப் ட்றைவின்ர (குழாயை மேல இருந்து சுழற்றிற மோட்டர்) மென்பொருள் அதைச் செய்தவையின்ர.

முதல் சண்டை ஒரு இலக்கத்திலதான். கொக்கிப் பாரத்தை (றிக்கின்ர கொக்கியில தொங்கிற பாரம்) அளக்கிறது பெரும்பாலும் கம்பிவடத்தின்ர அசையாத நுனியில. கப்பிகளின்ர உராய்வால தூக்கேக்க ஒரு அளவு, இறக்கேக்க வேறொண்டு காட்டும். அதில ரொப் ட்றைவின்ர பாரம் சேர்ந்திருக்கோ இல்லையோ எண்டு ஆரும் எழுதி வைக்கிறேல்லை. பிற்றில (அடியில பாறையை வெட்டுற முனை) நிக்கிற பாரத்தை இதில இருந்துதான் கழிச்சு எடுக்கினம். சேற்றுப் பம்ப் நிற்கேக்க பூச்சியம் வைச்சிட்டுப் பம்ப் ஓடத் துளைச்சாலே கணக்குப் பிழைச்சிடும். ஒவ்வொரு ஸ்ராண்ட் (இரண்டு மூண்டு குழாய் சேர்த்த நீளம்) பூட்டினாப்பிறகும் அடியைத் தொட முன்னம், துளைக்கிற அதே சுழற்சி, அதே பம்ப் வேகத்தில பூச்சியம் வையுங்கோ.

விற்ஸ்எம்எல் எண்டது துளைக்கிற தரவைக் கம்பனிகளுக்கிடையில அனுப்பிற வடிவம். கட்டுப்பாட்டுக்கு ஓபிசி யூஏ (மெசின்கள் தங்களுக்குள்ள பேசிற நெறிமுறை) தான் வசதி. துளையிடல் தரநிலைக்கான டி-விஸ் கூட்டுமுயற்சி அதுக்கு மேல ஒவ்வொரு சிக்னலுக்கும் எங்க அளந்தது, என்ன திருத்தம் செய்தது எண்ட விளக்கத்தைச் சேர்க்குது. எனக்கு உதுதான் சரியான வழியாப் படுது.

தாமதத்தையும் மறவாதேங்கோ. 3000 மீற்றர் குழாயில முறுக்கு அலை கீழ போகவே கிட்டத்தட்ட 1 செக்கன். அடியில இருந்து சேற்றின்ர அழுத்தத் துடிப்பில தரவு பெரும்பாலும் செக்கனுக்கு ஒருசில பிற்தான் வரும் (கணினி பிற், துளைக்கிற பிற் இல்லை). கம்பி பதிச்ச குழாயில 57,600. ஆனபடியா முறுக்கி முறுக்கி விடுற அதிர்வை அடக்கிற வேலையை ரொப் ட்றைவின்ர சொந்தக் கட்டுப்பாட்டுக்கை வையுங்கோ, செக்கனுக்கொருக்கா வாற தரவை நம்பி வெளியில வைக்காதேங்கோ.

சங்குப்பிட்டி:
காசையும் பாருங்கோ. ஒப்பந்தக்காரருக்கு நாட்கூலி எண்டா, 30 நாள் வேலையை 24இல முடிச்சா 6 நாள் வருமானம் போச்சு. அவர் ஏன் தன்ர பிஎல்சியைத் திறந்து விடுவார்? மிச்சப்படுற நாளில அவருக்கும் பங்கு இருக்கோணும். சேவைக் கம்பனியின்ர மென்பொருள் சொன்ன வேகத்தில குழாய் முறிஞ்சா ஆர் பொறுப்பு எண்டதையும் வேலை தொடங்க முன்னமே எழுதோணும். கட்டளை கேட்கிறவை எத்தினை பேரெண்டாலும் மெசினுக்குப் போற வாசல் ஒண்டுதான், எல்லையைத் தாண்டினதை அது மறுக்கோணும். ட்றில்லர் (றிக்கை ஓட்டுற ஆள்) ஜோய்ஸ்ரிக்கைத் தொட்டால் எல்லாரும் விலகோணும். பிஓபி (கிணறு பொங்கி வெடிக்காமல் அடைக்கிற வால்வு) மூடுறதை இந்த வாசலுக்குள்ள கொண்டுவராதேங்கோ.

வல்லைவெளி:
நன்றி அண்ணை. வெளி மென்பொருளோட தொடர்பு அறுந்தா எல்லாத்தையும் நிப்பாட்டுற மாதிரித்தான் எழுதியிருக்கிறம். சரியோ?

கீரிமலை ஊற்று:
பிழை. துளைக்கேக்க பம்பை நிப்பாட்டினா வெட்டுத்துகள் படிஞ்சு குழாய் இறுகும். புளொக் (குழாயைத் தூக்கி இறக்கிற கப்பித் தொகுதி) கீழ இறங்கிறதை மட்டும் நிப்பாட்டி, சுழற்சியையும் பம்பையும் இருந்த அளவிலயே விட்டிட்டு ட்றில்லருக்கு அலாரம் குடுங்கோ. குழாய் ஏத்தி இறக்கேக்க எண்டா புளொக்கை மெதுவா நிப்பாட்டினாக் காணும். குழாயை எவ்வளவு வேகமா ஏத்தி இறக்கலாம் எண்ட எல்லையைச் சேற்றின்ர அடர்த்தி, பிசுக்குமையை வைச்சுத்தான் கணிக்கிறது. சேற்றுக்காரர் கையால பதியிற அறிக்கை சில மணித்தியாலம் பழசா இருக்கும். உள்ளீட்டுக்கு நேரமுத்திரை போட்டு, பழசானா எல்லையைத் தானா இறுக்கிற மாதிரி எழுதுங்கோ. பிறகு நெற்வேர்க் கேபிளை ஓடேக்கையே கழட்டிப் பாருங்கோ.