“நீங்கள் எப்போது கிளம்புவீர்கள்?” - கம்போடியா, 1993

உள்நாட்டுப் போரில் அடிபட்ட நாட்டில் ஐ.நா. ஒரு தேர்தல் நடத்திக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது கம்போடியாவை. 1992 கடைசியில் ஐ.நா. தேர்தல் தன்னார்வலனாகப் போனேன், வாக்காளர் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம். போட்டோ ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்த அட்டையை ஒரு பாட்டி தலைத்துண்டில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் பயம் போகவில்லை. யாருக்குப் போட்டோம் என்று ஓட்டுப்போடும் பென்சிலே காட்டிக்கொடுத்துவிடும் என்று ஊரில் பேச்சு. சில இடங்களில் உள்ளூர் அதிகாரிகள் ‘சரிபார்க்கிறோம்’ என்று அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓட்டு ரகசியம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பாட்டி துபாஷியிடம் கேட்டது வேறொன்று: “எண்ணி முடித்ததும் நீங்கள் எப்போது கிளம்புவீர்கள்?”

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் 1991 பாரிஸ் சமாதான ஒப்பந்தப்படி, உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்ட நான்கு தரப்பும் ஆயுதத்தை ஒப்படைத்திருக்க வேண்டும். அந்த நான்கில் ஒன்றான, எழுபதுகளில் நாட்டைக் கொடூரமாக ஆண்ட கெமர் ரூஜ் மறுத்தது. 1992 மே மாதம் கம்போடியாவில் இருந்த ஐ.நா. குழுவின் தலைவர் அகாஷியே, கெமர் ரூஜ் கையில் இருந்த பைலின் ஊருக்குப் போகும் வழியில், சாலைக்குக் குறுக்கே வைத்த ஒரு மூங்கில் கழியைத் தாண்ட முடியாமல் திரும்பினார். அவர்கள் தராதபோது நாங்கள் மட்டும் ஏன் என்று மற்றவர்களும் நிறுத்திக்கொள்ள, எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கும்போதே தேர்தல் வந்துவிட்டது.

1993 மே 23. விடிவதற்கு முன்பே வரிசை. இருந்ததில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு மழைச் சேற்றில் நடந்து வந்தார்கள், பாட்டியும் வந்தார். ஆறு நாளில் ஏறக்குறைய 90 சதவீத வாக்கு! என் வாழ்நாளில் அப்படி ஒரு வாக்குப்பதிவை நான் பார்த்ததில்லை.

இளவரசர் ரணரித் கட்சிக்கு 58 இடம், அதுவரை ஆட்சியில் இருந்த ஹுன் சென் கட்சிக்கு 51. சரி, ஜெயித்தவரிடம் ஆட்சி போயிற்றா? படை, போலீஸ், ஊர் நிர்வாகம் எல்லாம் தோற்றவர் கையில் இருந்ததால், கிழக்கு மாகாணங்கள் பிரிந்துபோகும் என்ற மிரட்டலுக்குப் பிறகு இரண்டு பிரதமர்கள் என்று சமரசம் செய்தார்கள். எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. 1997 ஜூலையில் தலைநகர் புனோம் பென்னில் இரண்டு பிரதமர்களின் படைகளுக்கும் சண்டை நடந்து ரணரித் துரத்தப்பட்டார்.

வாக்குச்சாவடி நடத்த ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பழக்கினோம். அதே அக்கறையோடு ஒரு கோர்ட்டையும் போலீசையும் கட்டவில்லை, அதற்கு ஒன்றரை வருடம் போதவும் போதாது என்பதுதான் என் ஆதங்கம்.

ஊர் திரும்பிய பிறகு துபாஷித் தம்பி ஒரு கடிதம் போட்டிருந்தான். பாட்டி சௌக்கியமாம், அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். ஊர்த் தலைவர் மட்டும் அதே பழைய ஆள்தானாம்.