மேனுவல் போகஸ் லென்ஸில் தேன்சிட்டு எடுக்க முடியுமா?

பூதப்பாண்டிக்காரன்:
மாமா பிலிம் காலத்தில் வாங்கிய நிக்கான் 300 மிமீ எஃப்4.5 லென்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது, அடாப்டர் போட்டு கிராப் சென்சார் (சின்ன சென்சார்) சோனி மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம், காலையில் தேன்சிட்டு ஜோடியாக வருகிறது. ஒரு வாரமாக எடுக்கிறேன், நானூறு படத்தில் கண் தெளிவாக விழுந்தது மூன்றோ நாலோதான். போகஸ் வளையத்தைக் கையால் திருப்பி முடிப்பதற்குள் அடுத்த கூம்புக்கு (வாழைப்பூவுக்கு) போய்விடுகிறது. பீக்கிங் (தெளிவாக விழும் விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) போட்டால் உடம்பு முழுக்கச் சிவப்பாகக் காட்டுகிறது, அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால் வால் மட்டும் தெளிவு. நாலு மீட்டர் தள்ளி நிற்கிறேன், லென்ஸ் துளை முழுக்கத் திறந்து எஃப்4.5. ஆட்டோபோகஸ் லென்ஸ் வாங்க இப்போது வழியில்லை.

தேரூர் குளக்கரை:
தாராளமாக முடியும் தம்பி. நாலு மீட்டரில் எஃப்4.5 என்றால் தெளிவு நிற்கும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ., சிட்டோ அலகிலிருந்து வால்வரை 10 செ.மீ. இருக்கும். அதனால்தான் வால் தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுகிறது. துளையைச் சுருக்கி எஃப்8 வைத்தால் ஐந்தரை செ.மீ. கிடைக்கும். வெயில் வந்தபின் எடுங்கள், ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே போகாதீர்கள், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

முக்கியமாக, பறவைக்குப் பின்னால் வளையத்தைத் திருப்பிக்கொண்டு அலையாதீர்கள். அன்றைக்கு மடல் விரிந்த கூம்பு ஒன்றைப் பாருங்கள், மடலுக்கு அடியில் புதுப் பூ வரிசையாக நிற்கும், சிட்டு தொங்கிக்கொண்டு அலகை விடுவது அங்கேதான். திரையைப் பெரிதாக்கி அந்தப் பூ நுனியில் போகஸ் வைத்துவிட்டு வளையத்திலிருந்து கையை எடுத்துவிடுங்கள். சிட்டு வந்ததும் உடம்பை மட்டும் இம்மி முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே தொடர்ச்சியாகத் தட்டுங்கள், அதில் ஒன்றிரண்டு கண்ணில் உட்காரும். பீக்கிங்கைக் குறைந்த அளவில் வையுங்கள்.

மணக்குடி உப்புக்காற்று:
மக்கா, சிட்டுக்கு முன்னால் பஞ்சுருட்டானில் பழகு. பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கம்பிக்கோ குச்சிக்கோ திரும்பி வந்து உட்காரும், தேனீ என்றால் கொடுக்கு போகும்வரை குச்சியில் அடித்துத் தேய்க்கும். உனக்கு அவ்வளவு நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, புத்தளம் உப்பளத்தில் உப்புக்கொத்திப் பறவையைப் படம் எடுக்கப் போனால் விடிந்த உடனே போய்விடு. வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் எழும்பி, போகஸ் சரியாக இருந்தாலும் படம் கலங்கிவிடும். நான் லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு மாதம் வீணாக்கினேன்.

கீரிப்பாறைப் பக்கம்:
கிளை நுனியில் சிலந்தி நூலும் சருகுமாகப் பை போல் ஏதாவது தொங்கினால் அது தேன்சிட்டுக் கூடு. அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு வாழைக்குப் போய்விடுங்கள். நாம் பக்கத்தில் நின்றால் தாய் குஞ்சுக்கு இரை கொண்டுவரத் தயங்கும், நமக்குப் படம் இன்னொரு நாள் கிடைக்கும்.

பூதப்பாண்டிக்காரன்:
அண்ணாச்சி சொன்னபடி இன்றைக்குக் காலையில் ஒரே கூம்பின் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். சிட்டு ஐந்து முறை வந்தது, அறுபது படத்தில் பதினொன்றில் கண் தெளிவு. ஒன்றில் அலகு நுனியில் தேன் துளி நிற்பதுகூடத் தெரிகிறது. கூடு எதுவும் பக்கத்தில் இல்லை, சுற்றிப் பார்த்துவிட்டேன். நாளைக்குப் பஞ்சுருட்டான் தேடிக் குளத்துப் பக்கம் போகிறேன்.