எஃப்40, 959: அருகில் நின்று பார்த்த அனுபவம்

வேலை நிமித்தமாக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தங்கியிருந்த காலத்தில், பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில், 1980-களின் புகழ்பெற்ற அதிவேகக் கார்களான சிவப்பு ஃபெராரி எஃப்40 ஒன்றையும் வெள்ளி நிற போர்ஷே 959 ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

எஃப்40-இன் உரிமையாளர் கதவைத் திறந்து காட்டியபோது முதலில் கண்ணில் பட்டது உள்ளே கைப்பிடியே இல்லை என்பதுதான். அதற்குப் பதிலாக இழுத்துத் திறக்க ஒரு கம்பிக் கயிறு தொங்கியது. தரைவிரிப்பு இல்லை, ரேடியோ இல்லை, பலகைகளை ஒட்டிய பச்சை நிறப் பசை ஓரங்களில் அப்படியே தெரிந்தது. சாய்வாகக் குனிந்து பார்த்தால், மெல்லிய வண்ணப்பூச்சுக்கு அடியில் கெவ்லார் என்னும் எடை குறைந்த, வலுவான செயற்கை இழைகளின் நெசவு, பாய் முடைந்ததுபோல் தென்பட்டது. கோடிக்கணக்கில் விலை போகும் வண்டி இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

959-இன் உட்புறமோ சாதாரண போர்ஷே 911-ஐப் போலவே சொகுசாக இருந்தது. ஆறு கியர்களில் மிகத் தாழ்ந்ததற்கு எண்ணுக்குப் பதிலாக 'ஜி' என்று பொறித்திருந்தார்கள். கரடுமுரடான நிலத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. 1986-ஆம் ஆண்டின் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் வென்ற காருக்கு அது பொருத்தம்தான்.

வேகத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. எஃப்40-இல் 2.9 லிட்டர் வி8 எஞ்சின், 478 குதிரைத்திறன், மணிக்கு 324 கி.மீ.; 959-இல் 2.85 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 450 குதிரைத்திறன், 317 கி.மீ. இரண்டிலும் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இரட்டை டர்போ உண்டு என்றாலும், 959-இல் அவை ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருவதால் விசை சீராக ஏறுகிறது. எஃப்40-இல் இரண்டும் சேர்ந்தே இயங்குவதால், சற்றுத் தாமதித்துவிட்டுத் திடீரென்று பிடரியில் உதைக்கும் என்று அதன் உரிமையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். 959-க்கு நான்கு சக்கர இயக்கமும், பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. எஃப்40-க்கு இரண்டுமே கிடையாது. அன்று மதியம் மழை தூறத் தொடங்கியதும், எஃப்40-ஐ மூடிய லாரியில் ஏற்றுவதற்கு அவசரப்பட்டார்கள். 959-காரர் நிதானமாகக் காபியை முடித்தார்.

எனக்குப் புரியாத புதிராக இருந்தது விலைதான். எஃப்40-ஐ 400 மட்டும் செய்வதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் 1,300-க்கும் மேல் செய்தார்கள். 959-ஓ ஏறத்தாழ 300-தான். ஆனாலும் ஏலங்களில் சாதாரண 959-ஐவிட எஃப்40 அதிக விலைக்குப் போகிறது. 1988-இல் மறைந்த, ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி தம் கையால் ஒப்புதல் தந்த கடைசிச் சாலைக் கார் என்ற பெயர் ஒரு காரணம். அதைவிட முக்கியமாக நான் கருதுவது அமெரிக்கச் சந்தை: எஃப்40 அங்கே முறையாக விற்பனையானது, 959-ஐ அந்நாட்டு விதிகளுக்கு ஏற்ப போர்ஷே தயாரிக்கவில்லை. பில் கேட்ஸ் வாங்கிய 959-கூடப் பல ஆண்டுகள் சுங்கத்துறையிடம் கிடந்தது. அரிய கார்களைக் குறைந்த தூரம் ஓட்ட அனுமதிக்கும் விதி வந்த பிறகே அங்கு வழி பிறந்தது. ஆகவே ஒரு தலைமுறை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எஃப்40-ஐ வீதியில் பார்த்து வளர்ந்தார்கள், 959-ஐப் படத்தில் மட்டுமே பார்த்தார்கள். இருபத்தொன்பது மட்டுமே செய்யப்பட்ட, எடை குறைந்த 959 ஸ்போர்ட் வகைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதை விற்க முன்வருபவரே அபூர்வம்.