வழக்கறிஞரை மாற்றினால் வழக்குக் கட்டு கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பெரம்பூர் வீட்டின் பாகப்பிரிவினை வழக்கு, பாரிமுனையில் உள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்தில் நடக்கிறது. வாய்தா தேதியைக்கூடச் சொல்லாத வழக்கறிஞர், பாக்கிக் கட்டணம் தந்தால்தான் வழக்குக் கட்டையும் (வழக்கு ஆவணங்களின் தொகுப்பு) அசல் பத்திரத்தையும் தருவேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, கட்டணப் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லையென்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது, பாக்கியை அவர் சட்டப்படி தனியாகத்தான் வசூலிக்க வேண்டும். வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, ஒப்புகையுடன் அஞ்சலில் எழுதிக் கேளுங்கள். புதிய வழக்கறிஞருக்கு வக்காலத்து (உங்களுக்காக வாதாடும் அதிகாரப் பத்திரம்) தர, பழையவருடைய ஆட்சேபணையின்மைக் கையெழுத்து வழக்கமாகத் தேவைப்படும். அவர் மறுத்தால், நீதிமன்ற அனுமதி கோரி மனுச் செய்யலாம். பார் கவுன்சிலிலும் புகார் அளிக்கலாம்.

பதில் 2: வாய்தாவுக்கு எவரையும் நம்ப வேண்டாம். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டால் அடுத்த தேதி தெரியும். இதை அறியாமல் ஒரு வாய்தாவைத் தவறவிட்ட எனக்கு எதிராக, நான் இல்லாமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறந்தது. அதை நீக்கக் கோருவதற்கு 30 நாள்தான் அவகாசம் என்பதால், 27-ஆம் நாள் மனுவோடு ஓடினேன்.

பதில் 3: பத்திரம் ஏற்கெனவே சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டிருந்தால் (சாட்சியமாக எண்ணிட்டு ஏற்கப்பட்டிருந்தால்), அது நீதிமன்றத்தில்தான் இருக்கும். முதலில் அதை விசாரியுங்கள்.

கேட்டவர்: பார்த்துவிட்டேன், குறியீடு செய்யப்படவில்லை. நாளையே கடிதம் அனுப்புகிறேன்.