நெட்டில் கிளம்பி லேண்ட்லைனில் இறங்கும் போன் கால்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ராமேஸ்வரம் லாட்ஜ்காரன்:
எங்கள் லாட்ஜில் எல்லா அறையிலும் ஐபி போன், அதாவது நெட் வழியாகப் பேசும் போன். வெளியே பேசினால் ஒரு கேட்வே பெட்டி வழியாகச் சாதாரண டெலிபோன் லைனுக்குப் போகும். ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்த ராத்திரி, எல்லோரும் அசந்து தூங்கும் நேரத்தில் அத்தனை லைனும் பிஸி! கால் பதிவைப் பார்த்தால், ரிசப்ஷன் போனான 101-லிருந்து கேள்விப்படாத நாட்டு எண்களுக்கு வரிசையாகக் கால் போயிருக்கிறது. அங்கே போனைத் தொட்டவரே இல்லை.

பெட்டியை மாட்டிக் கொடுத்தவர் 101-க்கு பாஸ்வேர்டும் 101 என்றே வைத்து, நெட் போன்கள் அழைப்பை ஏற்படுத்தும் வாசலான 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் போர்ட்டைத் தேடியே புரோகிராம்கள் ராப்பகலாக அலைகின்றன. அப்படி ஒரு பெட்டி சிக்கினால், மோசடிக்காரர்கள் அதன் வழியாக நிமிடக் கட்டணம் அதிகமுள்ள எண்களுக்கு அடிப்பார்கள். பில் நமக்கு, அதில் பங்கு அவர்களுக்கு. நள்ளிரவும் ஞாயிறும் பார்த்துத்தான் வருவார்கள்.

இப்போது பாஸ்வேர்ட் நீளம். தப்பாக முயலும் முகவரிகளை ஃபெயில்2பேன் என்ற புரோகிராம் தடுக்கிறது. ஆனால் உருப்படியான வேலை, ஐஎஸ்டியை லைன் கொடுத்தவர்களிடமே நிறுத்தச் சொன்னதுதான். பெட்டிக்குள் யாராவது புகுந்தாலும் கால் வெளிநாடு போகாது.

கீழக்கரை:
மச்சான் வெளிநாட்டில். உம்மாவுக்கு ஸ்மார்ட்போன் ஒத்துவராது என்று ஆப்பிலிருந்து லேண்ட்லைனுக்குத்தான் பேசுவார். திரையில் பூட்டுப் படம் இருக்கிறதே, யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று பேங்க் விவரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பூட்டு, கால் நெட்டிலிருந்து டெலிபோன் லைனுக்கு மாறும் கேட்வே வரைக்கும்தான். அங்கே திறந்துதான் லேண்ட்லைனுக்கு அனுப்புவார்கள், ஐஸ் பெட்டி மீன் கரையில் கைமாறுகிற மாதிரி. இப்போது அந்த விஷயங்களை மட்டும் என் போனுக்கு, ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுகிறார்.

மண்டபம்:
கீழக்கரைக் காக்கா சொல்வது சரி. லாட்ஜ் மாதிரி சொந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள், அந்தக் கேட்வே வரைக்குமாவது பூட்டு நிஜமா என்று பாருங்கள். எஸ்ஆர்டிபி என்ற முறை பேச்சைப் பூட்டும். பல பெட்டிகளில் அதன் சாவி அழைப்பை ஏற்படுத்தும் செய்தியிலேயே போகிறது. அந்தச் செய்தியைப் பூட்டும் டிஎல்எஸ் போடவில்லை என்றால் சாவி வழியெல்லாம் திறந்தபடி போகும். டிஎல்எஸ் போட்டு, அதற்கான 5061 போர்ட்டுக்கு மாறுங்கள்.

தொண்டி:
எனக்கு வந்தது வேறு. திரையில் தெரிந்தது பேங்க்கின் போன் எண், பேசியவன் கேட்டது ஓடிபி. நெட் பக்கமிருந்து வரும் காலில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதை அனுப்புகிறவனே எழுதிவிடலாமாம். வைத்துவிட்டு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேகக் கால்களுக்கான சக்‌ஷு பக்கத்தில் புகார் போட்டேன். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930.

கீழக்கரை:
லாட்ஜ் அண்ணே, அந்த பில் என்ன ஆச்சு?

ராமேஸ்வரம் லாட்ஜ்காரன்:
கால் எங்கள் லைனில் போனதால் கட்டித்தான் ஆக வேண்டும் என்றார்கள். தவணையில் கட்டினோம்.