ஞாயித்துக்கிழமை படம்: ஃபார்கோ

அகிலா: நாளைக்குச் சாயங்காலம் ஃபார்கோ போடறோமுங்க. அமெரிக்காவுல கோயன் சகோதரர்கள் 1996ல எடுத்தது, 98 நிமிசம். கார் விக்கற ஜெர்ரி, பணத்துக்காகத் தன்னோட பொண்டாட்டி ஜீனையே ஆள் வெச்சுக் கடத்தறான். அது கொலையில போய் முடிய, போலீஸ் சீஃப் மார்ஜ் விசாரிக்கறா. ரத்தம் நெம்ப இருக்குது, சின்னதுகளை அம்மாயி வீட்ல விட்டுட்டு வாங்க. படம் முடிஞ்ச பொறவு பேசறதுக்கு ஒண்ணே ஒண்ணு: அந்தப் பனி ஊருக்குள்ள யாரை எப்படிக் காட்டறாங்க?

சித்தப்பா: நல்ல கேள்வி சாமி. கதை நடக்கற அமெரிக்க மாநிலம் மினசோட்டாப் பக்கம் நார்வே, ஸ்வீடன்ல இருந்து வந்து குடியேறுனவிய எச்சு. ஜெர்ரி லுண்டகார்டு, மார்ஜ் குண்டர்சன்னு பேரே சொல்லிரும். அதுக்குள்ள வேற ஆளுகன்னா ஆசிய வம்சாவளி மைக் யானகிட்டாவும் பழங்குடி ஷெப் ப்ரவுட்ஃபுட்டுந்தான் கண்ணுல படறாங்க.

கவின்: மைக் சீன் எதுக்குன்னே தெரியலீங் சித்தப்பா. மார்ஜோட பள்ளிக்கூடத்துல படிச்சவன், ஓட்டல்ல பாத்து அழறான். கதையில ஒட்டவே இல்ல. ஆசியாக்காரரைச் சும்மா கோமாளி ஆக்கிட்டாங்க.

அகிலா: ஒட்டுது கவினு. பொண்டாட்டி லிண்டா சீக்குல செத்துட்டாங்கறான் மைக். பொறவு மார்ஜோட சிநேகிதி போன்ல சொல்றா: அவிய கல்யாணமே பண்ணல, லிண்டா உசுரோட இருக்கா, இவன்தான் அவளை விடாமத் தொந்தரவு பண்ணுனான்னு. அதுக்கப்புறந்தான் மார்ஜ் ரெண்டாந்தடவை ஜெர்ரியோட கார் கடைக்குப் போறா. மொதத் தடவை ஜெர்ரி சொன்னதை நம்பிட்டு வந்தவ. ஓட்டல், போன், கார் கடை மூணையும் சேத்துப் பாத்தாத்தான் புரியும். போன் வர்ற எடத்துல யாரும் டீ போட எந்திரிச்சுப் போயிராதீங்க.

அத்தை: அந்த ஓட்டல்ல மைக் எந்திரிச்சு அவ பக்கத்துல வந்து உக்காருவான். கழுத்தைத் திருப்பாம உன்னைப் பாக்கணும், எதுத்தாப்புலயே உக்காருன்னு மார்ஜ் சொல்லுவா. ஒரு கோவமில்ல, ஒரு சத்தமில்ல. நெம்ப நல்லா எழுதியிருக்காங்க.

அத்தை: இன்னொண்ணு கண்ணு, மைக் பேச்சைக் கேளு. மார்ஜ் இழுக்கற அதே மினசோட்டா இழுவை. வெளியாளுன்னு காட்டறதுக்காகப் பேச்சை உடைச்சு வெக்கல. ஆனா நடிச்ச ஸ்டீவ் பார்க் கொரிய வம்சாவளி, பாத்திரத்துக்கு ஜப்பான் பேரு. ஆசிய முகம் எதுன்னாலும் சரின்னு போட்டுக்கறது ஹாலிவுட்ல நெம்ப நாள் பழக்கம். ஆசிய நடிகர்களை நடத்தற விதம் பத்தி 1997ல அவரே வெளிப்படையா ஒரு கடுதாசி எழுதுனாரு.

கவின்: இழுவையை வெச்சுச் சிரிக்கறது மட்டும் சரிங்களா அத்தை? நம்ம பேச்சையும் சினிமாவுல சிரிப்புக்குத்தானே வெக்கறாங்க.

சித்தப்பா: 1995ல வந்த சதிலீலாவதி பாரு. கோவை சரளா படம் பூரா கொங்குத் தமிழ் பேசுவாங்க, சிரிப்பும் வரும். ஆனா புருசனுக்காகச் சண்டை போடறப்ப அந்தப் பேச்சுலதான் கோவமும் இருக்குது. பேச்சுக்குப் பின்னால முழு மனுசி இருக்கறாளான்னு பாக்கோணும். கோயன் அண்ணன் தம்பியும் மினியாபொலிஸ் பக்கத்துல செயின்ட் லூயிஸ் பார்க்ல வளந்தவிய, சொந்த ஊர்ப் பேச்சைத்தான் எடுத்திருக்காங்க.

அகிலா: மார்ஜ் அப்படித்தான். ஏழு மாசக் கர்ப்பிணி, போலீஸ் சீஃப். பொம்பளைன்னு ஒருத்தரும் எளக்காரம் பண்றதில்ல. கூட வேலை பாக்கற லூ, டி.எல்.ஆர்னு நம்பர் பிளேட்டுல இருக்கறதா நெனச்சுத் தேடுவாரு. அது கார் கடை வண்டிக்குப் போடற டீலர் பிளேட்டுன்னு மார்ஜ் பொறுமையா எடுத்துச் சொல்லுவா. பிரான்சிஸ் மெக்டார்மண்டுக்குச் சும்மாவா ஆஸ்கர் குடுத்தாங்க? ஆனா கடத்திட்டுப் போற ஜீன் பாவமுங்க. தலையில துணியைப் போட்டு மூடுனதோட பேச்சும் போச்சு. அவ சாகறதுகூடத் திரையில இல்ல.

சித்தப்பா: எனக்கு ஷெப்தான் உறுத்துது. நடிச்ச ஸ்டீவ் ரீவிஸ் மொன்டானாவுல பிளாக்ஃபீட் பழங்குடி. கதை நடக்கறது டகோட்டா, ஒஜிப்வே சனங்களோட மண்ணு. அந்த மண்ணோட சனத்துல இருந்து படத்துல பேர் சொல்லி வர்ற ஆளு, ஜெயிலுக்குப் போயிட்டு வந்த மெக்கானிக். மார்ஜ் வந்து விசாரிச்சதுல பரோலுக்கு ஆபத்து வந்துருச்சு. அந்தக் கோவத்துல கடத்தல்காரன் கார்லைப் பெல்ட்டால வெளுத்துட்டுப் போறான். அதோட சரி, திரும்ப வர்றதே இல்ல.

கவின்: உண்மைக் கதைன்னு மொதல்லயே போடறாங்களே, நடந்ததைத்தானே எடுத்திருப்பாங்க?

சித்தப்பா: அதை நம்பிராதே! 1987ல நடந்ததுன்னு போட்டாலும், அவிய கட்டுன கதை அது. அப்போ ஷெப்பை அப்படி வெச்சதும் அவிய முடிவுதான்.

அகிலா: அப்ப நாளைக்குத் தலையை எண்ண வேண்டாங்க. யாரோட வீட்டைக் காட்டறாங்கன்னு குறிச்சுக்கங்க. விடியறதுக்குள்ள மார்ஜுக்குப் புருசன் நார்ம் முட்டை பண்ணித் தர்ற சமையக்கட்டு இருக்குது, ஜெர்ரிக்கு வீடு இருக்குது. மைக் அப்பா அம்மாகூட இருக்கான்னு அடுத்தவ வாயால கேக்கறோம். ஷெப்புக்கு அதுகூட இல்ல. ஆறு மணிக்கு ஆரம்பிச்சறலாம், ஸ்பீக்கரைச் சித்தப்பா கொண்டு வந்துருங்க.