என் சிவியை (சுயவிவரக் கோவையை) பார்த்துத் திருத்தித் தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்து, இரண்டு வருடமாக ஹட்டனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கணக்கு உதவியாளராக வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் ஆசை. மாமா தன் பழைய லேப்டாப்பைத் தந்திருக்கிறார். நாங்கள் இருக்கும் லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்) சிக்னல் கிடைக்காது. அதனால் கடை விட்டு வந்ததும் கோயிலடி மேட்டில் உட்கார்ந்து, போன் டேட்டாவில் தேடுகிறேன்.

டாப்ஜொப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தைத் தினமும் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வரும் அரச வர்த்தமானியையும் (கெசட்) தமிழில் இறக்கிப் படிக்கிறேன். விண்ணப்பிப்பதில்தான் தடுமாற்றம். முதலில் பாமினி எழுத்துருவில் அடித்து வேர்ட் கோப்பாகவே அனுப்பினேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஐந்து இடத்துக்கு அப்படியே போய்விட்டது. நினைத்தால் இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது. இப்போது யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறேன்.

கொழும்புக் கம்பனிகளுக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டுமா? எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லை. முகவரியில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் போட்டால் போதுமா? நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டத்து ஆபீசிலேயே கிடந்துவிடுமோ என்று பயம்.

எக்செல் ஓரளவு தெரியும். ஏஏடி கணக்கியல் பாடநெறி படித்துக்கொண்டே வேலை தேடியவர்கள் இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். கணக்கு வேலையில் இருக்கும் யாராவது என் சிவியை ஒருமுறை பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. இன்பாக்ஸில் வந்தாலும் சரி.